ஆப் வேண்டாம்: ஏழாவது காரணம்

ஆவணி 7, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். வானம் மூடிக்கொண்டு நிற்கிறது, பெய்கிற வழியாகக் காணோம். சிலிண்டர் புக் பண்ண வேண்டும். மறந்தாயிற்று. நாளைக்கு.

டிசைன் சென்டரில் நாள் முழுக்க ஒரே சேலை பார்டர். அன்னப்பட்சி. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பி அதன் மூக்கைக் கொண்டுவரவே மத்தியானம் ஆகிவிட்டது. பக்கத்து சீட் சரோஜா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா கஸ்தூரி, அன்னம் கேட்டா கோழிய போட்டுக்கினு இருக்கற" என்றாள். சிரித்து வைத்தேன். மனசு அங்கே இல்லை.

சகாயம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். (இனிமேல் ச. கட்டின புருஷன் பெயரை ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழுதக் கை வலிக்கிறது.) ஆப் ஸ்டோரில் போட, எங்கள் விளையாட்டைப் பற்றி நாலு வரி வேண்டுமாம். ஆப்பே வேண்டாம் என்கிறவளிடம் ஆப்புக்கு விளக்கம் கேட்கிற தைரியம் இந்த மனுஷனுக்குத்தான் வரும். எழுதினேன்:

"நடுக்கோடு. கபடி அணி நடத்தும் விளையாட்டு. ஆளுக்கு ஓர் அணி, ஏழு பேர். யார் எந்த இடத்தில் நிற்பது, யார் முதலில் பாடிப் போவது என்று சாயங்காலம் ஆறு மணிக்குள் குறித்து வையுங்கள். ஏழு மணிக்கு ஆட்டம். எல்லாம் எழுத்தில் வரும். படம் இல்லை, விளம்பரம் இல்லை. அமாவாசை அன்று ஆட்டம் கிடையாது, அன்றைக்கு ஆள் மாற்றும் சந்தை."

ச. படித்துவிட்டு, "படம் இல்லன்றத எதுக்குப் பெருமையா சொல்ற?" என்றார். "அதான உண்மை?" என்றேன். "உண்மைதான், அத்த மொத வரிலயே சொல்லணுமா?" கடைசிக்கு முந்தின வரி அது. எண்ணக்கூடத் தெரியவில்லை, ஆப் விடுகிறாராம்.

பழைய சண்டை. ஆறு மாதமாக ஓடுகிறது. நடுக்கோடு பிரவுசரில்தான் இருக்க வேண்டும் என்பது நான். ஆப் வேண்டும் என்பது அவர்.

ஆவணி 8, செவ்வாய்

சாயங்காலம் நாலு தூறல். மண் நனையவில்லை, வாசனை மட்டும் கிளம்பிற்று.

ச. விளையாட்டுக்குள் ஓட்டெடுப்பு வைத்துவிட்டார். என்னைக் கேட்காமல். "ஆப் வேண்டுமா?" வேண்டும், வேண்டாம், எதுவானாலும் சரி. அட்மின் பக்கத்தில் எண்ணிக்கை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சோறு வடித்தேன். கஞ்சி காலில்.

கருத்துப் பெட்டியிலிருந்து சில:

"ஆறு மணி ஆனா மறந்துடறேன் சார். ஆப் இருந்தா டிங்னு ஒரு சத்தம் வரும்ல."
"என் போன்ல இடமே இல்ல. பொண்ணு போட்டோ அழிச்சிட்டு உங்க ஆப் போடணுமா?"
"தறில கீறப்ப போன்ல சத்தம் வந்தா எங்க மொதலாளி போன தூக்கிப் போட்ருவாரு."
"ஆப் இல்லாத கேம்னு சொன்னா என் ஃபிரண்டு நம்பவே மாட்றான்."

கடைசியில் வேண்டும் என்பதே ஜெயித்தது. ரொம்ப வித்தியாசமில்லை. எண்களை நானே மாற்றிவிடலாம், அட்மின் நான்தான். இரண்டு நிமிட வேலை. மாற்றவில்லை. ஆனால் கை கீபோர்டின் மேலேயே இருந்தது, அதையும் எழுதி வைக்க வேண்டும்.

ச.வுக்குக் காட்ட ஒரு பட்டியல் போட்டேன். ஆப் ஏன் வேண்டாம்:

1. இவருடையதே மொபைல் சர்வீஸ் கடை. வருகிற போனில் பாதி "இடமில்லை" என்று கதறிக்கொண்டு வருகிறது.
2. பிரவுசரில் தப்பு வந்தால் பத்து நிமிடத்தில் திருத்துவேன். ஆப்பில் திருத்தி அனுப்பி, ஸ்டோர்காரன் சரி என்று சொல்லும் வரை காத்திருக்க வேண்டும்.
3. இரண்டையும் வைத்துக்கொண்டால் வேலை இரட்டிப்பு. நாங்கள் இருப்பதே இரண்டு பேர்.
4. டிங். அந்தச் சத்தத்துக்குப் பழகினவன் நிதானமாக யோசித்து அணி போட மாட்டான்.
5. பழைய கம்ப்யூட்டரில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் என்ன செய்வார்கள்?
6. எனக்குப் பிடிக்கவில்லை.

ச. ஆறையும் படித்தார். "ஆறாவது ஒண்ணுதான் நெஜம்" என்றார். நல்ல மனுஷன், அரைகுறையாகக் கண்டுபிடித்துவிட்டார். ஏழாவது ஒன்று இருக்கிறது. அதை இங்கே மட்டும்.

7. ஜரிகை செவன்ஸ்.

ஆவணி 10, வியாழன்

வெயில். சிலிண்டர் புக் ஆயிற்று.

நேற்று எழுத வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

ஜரிகை செவன்ஸ் என்பது நடுக்கோட்டில் ஓர் அணி. மூன்று வருடமாக ஆடுகிறது. ஆடுகிறவர் பெயர் தெரியாது, ஆரணிப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் சர்வர் சொல்லும். பெயர்தான் செவன்ஸ். இறக்குவது ஆறு பேரை. ஒரு நாள்கூட ஏழு இல்லை. லெஃப்ட் கார்னர் எப்போதும் காலி. இன்னொன்று, முதல் ரைடு எப்போதும் சும்மா. போய்க் கோட்டை மிதித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவது.

முதல் ரைடைச் சும்மா விட்டு எதிராளி முகத்தைப் பார்க்கிற ஆள் ஒருத்தனைத்தான் எனக்குத் தெரியும். என் அண்ணன் ஏகாம்பரம். அவன் அணியில் லெஃப்ட் கார்னரில் ஐந்து வருடம் நின்று, பாடி வருகிறவன் காலைப் பிடித்தவர் ச.

அப்பா அம்மா போன பிறகு அண்ணன்தான் எனக்கு எல்லாம். ச. ஓரிக்கைக் காலனி, வேதக்காரக் குடும்பம். நாங்கள் தறிக்காரர்கள். கபடி ஆட எங்கள் தெருவுக்கு வந்தவரை நான் கட்டிக்கொண்டேன். பதிவு அலுவலக வாசலில் அண்ணன் இவர் சட்டையைப் பிடித்தான். பட்டன் தெறித்தது. "என் பக்கத்துல நின்னவன்டா நீ" என்றான். என்னை ஒன்றும் சொல்லவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மாதமே தறியை விற்றுவிட்டு ஆரணி போய்ச் சேர்ந்தான். எட்டு வருடம். நம்பர் மாற்றிவிட்டான். நாங்களும் தேடிப் போகவில்லை. இவருக்கு ரோஷம், எனக்குப் பயம்.

நடுக்கோடு யாருடையது என்று அண்ணனுக்குத் தெரியாமல் இருக்காது. பள்ளிக்கூட நோட்டில் கட்டம் போட்டு, தாயக்கட்டை உருட்டி, நாங்கள் மூன்று பேரும் ஆடிய ஆட்டம்தான் இது. யார் என்று சொல்லாமல் வருகிறான். யார் என்று கேட்காமல் விடுகிறேன். தினமும் ஏழு மணிக்கு அவன் ஆட்டத்தைப் படித்துவிட்டுத்தான் தோசை வார்க்கிறேன். உயிரோடு இருக்கிறான், உடம்புக்கு ஒன்றுமில்லை, இன்று கோபத்தில் ஆடியிருக்கிறான், இன்று நிதானம். இவ்வளவும் தெரியும். இவ்வளவுதான் தெரியும்.

பிரவுசரில் ஒரு பெயர், ஒரு கடவுச்சொல் போதும். ஆப்பில்? ச. இன்று சொல்லிவிட்டார்: ஒவ்வோர் அணியும் ஒரு போன் நம்பரோடு இணைய வேண்டும். ஓ.டி.பி. வரும். ஆப் வருவதற்கு முன்பே பிரவுசரிலும் இணைக்கலாம். ஒரே ஆள் நாலு அணி வைத்துக்கொண்டு ஏமாற்றுவதைத் தடுக்கவாம். நியாயம்தான். நம்பர் கொடுக்காத அணி பூட்டப்படும். பிறகு காத்திருக்கிற புது ஆட்களுக்குப் போய்விடும்.

அண்ணன் எங்களுக்கு நம்பர் கொடுப்பானா? செத்தாலும் மாட்டான்.

"கடைசி நாள் எப்ப வெக்கலாம்?" என்று கேட்டார் ச. "அமாவாசை" என்றேன். நம்மிடம் ஆடுகிறவர்களில் முக்கால்வாசி தறிக்காரர்கள். அன்றைக்குத் தறியில் இறங்க மாட்டார்கள், உட்கார்ந்து நிதானமாக இணைக்கலாம். அறிவிப்பும் நானே எழுதினேன்: "அமாவாசை அன்று மாலை ஆறு மணிக்குள் இணைத்துவிடவும்." தினசரிக் காலண்டரைத் தூக்கிப் பார்த்து, செவ்வாய் என்று நிரலில் தேதியையும் போட்டேன். வழக்கமாக ச. தான் போடுவார், கடைக்கு வருகிறவர்களைக் கேட்டு.

ஒப்புக்கொண்டுவிட்டேன். எதிர்த்தால் காரணம் கேட்பார்.

ஆவணி 12, சனி

உடைந்துவிட்டது.

மத்தியானம் கடையில் ஆள் இல்லை. ச.வுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கவுன்ட்டரில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, இணைக்காத அணிகளின் பட்டியலை அலசிக்கொண்டிருந்தார். எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று.

"இத்த பாரு, ஜரிகை செவன்ஸ். ஆறு பேரோட நிக்குது. எவனோ பாதில உட்டுட்டுப் போயிட்டான். இப்பவே தூக்கிடறேன்."

"தூக்காதீங்க."

"ஏன்?"

"அது செத்தது இல்ல."

"உனக்கெப்படித் தெரியும்?"

என் வாய் எனக்கு எதிரி. "தினமும் ஆடுது. நான் பாக்கறேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எட்டு வருடமாக அந்த முகத்துக்குப் பொய் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்திருக்கிறேன், அது வேறு.

"யாரு கஸ்து?"

"அண்ணன்."

பழைய ஆட்டங்களைத் திறந்தார். ஒன்று, இரண்டு, பத்து. நின்றுகொண்டே படித்தார். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. ஒருத்தர் வந்து "சார்ஜர் பின் இருக்குதாபா?" என்று கேட்டார். இவர் நிமிரவே இல்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன், தப்பான பின். திரும்ப வந்து திட்டிவிட்டுப் போனார்.

"மூணு வருசமா தெரியுமா உனக்கு?"

"ம்."

"என் இடத்த காலியா வெச்சிக்கினு ஆடறான்."

"ம்."

"இது பாசமா, பழியா?"

"தெரியலைங்க."

லேப்டாப்பை மூடினார். "மூணு வருசம் எங்கிட்ட மறைச்சிருக்கற. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் சேந்து. நான் ஒண்ணும் தெரியாம சர்வருக்குக் காசு கட்டிக்கினு இருந்திருக்கறேன்." குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாட்டுப் பையை அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். அழுதேன், தெருவில், ஆமாம். யார் பார்த்தால் என்ன.

ஆவணி 13, ஞாயிறு

ச. காலையிலேயே ஓரிக்கைக்குச் சர்ச்சுக்குப் போய்விட்டார். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. நான் தனியாக.

அட்மின் பக்கத்தைத் திறந்தேன். ஜரிகை செவன்ஸ். நம்பர் பெட்டி காலி. என் நம்பரையே அதில் அடித்தேன். பத்து எண்களும். சேமி என்ற பொத்தான் மட்டும் பாக்கி. அழுத்தினால் அணி பிழைக்கும். அண்ணன் எப்போதும்போல வருவான், ஆறு பேரை இறக்குவான்.

ஆனால் உள்ளே வரும்போது "உங்கள் நம்பர் இணைக்கப்பட்டது" என்று அவனுக்கும் வரும். தான் கொடுக்காத நம்பர். யார் செய்தது என்று புரிந்துபோகும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் வருவானா? காப்பாற்றினாலும் போய்விடுவான், காப்பாற்றாவிட்டாலும் போய்விடுவான்.

அழித்தேன். ஒவ்வோர் எண்ணாக.

மத்தியானம் ச. வந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் ஒரே ரூல்தான். அவனுக்குன்னு தனியா ஒண்ணும் கெடையாது."

"சரி."

"என்னா சரி? கோவமா?"

"ஆமா, கோவம். ஒரு பெட்டி காலியா இருந்தா உங்க ஆப் இடிஞ்சி உழுந்துடுமா?"

"காலியாவே எத்தினி நாளைக்கு உட்டு வெப்ப? பேர் சொல்லாம ஆடற ஒருத்தன், தெரிஞ்சும் கேக்காத ஒருத்தி. இதுக்குப் பேரு உறவா? வரணும்னா அவனா வரட்டும். நம்பர் குடுத்துட்டு வரட்டும்."

"வரலன்னா?"

தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தார். தட்டில் கை கழுவாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். இன்று சொல்லவில்லை.

ஆவணி 14, திங்கள்

மழை, உருப்படியான மழை. காமாட்சி கோயில் பக்கம் தண்ணீர் தேங்கி, பஸ் எல்லாம் சுற்றிப் போகிறது. சென்டருக்கு அரை மணி லேட்.

ஆப் வெளிவந்துவிட்டது. சிவப்புச் சதுரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. என் போனிலும் போட்டேன். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் டிங் என்றது, பதறிப்போய்ப் பேனாவைக் கீழே போட்டேன்.

இணைக்காதவை: காலையில் நூற்றுச் சொச்சம். சாயங்காலம் எழுபது. எல்லோரும் நாளைக்கு என்று ஒத்திப்போட்டிருக்கிறார்கள், நாளைக்கு அமாவாசையாயிற்றே.

ஜரிகை செவன்ஸ்: இன்றும் பிரவுசரில்தான் வந்தது. ஆறு பேர். தோற்றது. நம்பர் பெட்டி காலி.

ச. ஏழு மணிக்குத் தானும் அந்த ஆட்டத்தைப் படித்தார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, கழிவறைக்குப் போனை எடுத்துக்கொண்டு போய்.

ஆவணி 15, செவ்வாய்

நான் செய்த பாவத்தை நானே எழுதுகிறேன்.

சாயங்காலம் ஐந்தரை. சென்டரில் சரோஜா அக்கா பையை எடுத்து மாட்டிக்கொண்டு, "நாளைக்கு வர மாட்டேன்மா. அமாவாசை" என்றாள்.

"இன்னைக்குத்தானக்கா அமாவாசை?"

"காலண்டர்ல இன்னிக்குப் போட்டிருப்பான். மத்தியானத்துக்கு மேலதான பொறக்குது. தறிக்கு நாளைக்குத்தான். விடியறப்ப எந்த நாள்ல இருக்குதோ அதான் எங்களுக்கு. ஏன், உனக்குத் தெரியாததா? நீயும் எங்க தெருப் பொண்ணுதான?"

தெரு. அங்கே இருந்த வரை நான் காலண்டரைப் பார்த்ததே இல்லை. தறிச் சத்தம் நின்றால் அமாவாசை. எட்டு வருடம் வேறு தெருவில் இருந்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்துத் தேதி போட்டிருக்கிறேன். அறிவிப்பிலாவது செவ்வாய் என்று போட்டேனா? இல்லை. அமாவாசை என்று மட்டும். இந்த ஊரில் அது போதும் என்று. போதும்தான். அவர்கள் எல்லோரும் சரியாகப் புரிந்துகொண்டு, இந்த நேரத்தில் தறியில் இருக்கிறார்கள். ஆரணியிலும் அப்படித்தான் இருப்பான்.

ச.வுக்குப் போன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. அட்மின் பக்கம் வீட்டு லேப்டாப்பிலும் கடை லேப்டாப்பிலும்தான் திறக்கும், அதுவும் நான் போட்ட பூட்டு. ஆட்டோ பிடித்தேன். தேங்கின தண்ணீரில் பஸ், லாரி, கல்யாணச் சேலை வாங்க வந்த வேன்கள், எதுவும் நகரவில்லை. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "ஆஸ்பத்திரியாமா?" என்றார். இல்லை என்று எப்படிச் சொல்ல. "சீக்கிரம் போங்கண்ணா" என்றேன்.

ஆறு மணி. கையில் இருந்த போன் டிங் என்றது. "இணைப்புக் காலம் முடிந்தது."

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு இருபது. ச. ஒரு போனின் டிஸ்ப்ளேவைக் கழற்றிக்கொண்டிருந்தார், காதில் பாட்டு. சொன்னேன். பாட்டை நிறுத்தினார்.

பூட்டிய அணிகள்: நாற்பத்தொன்று. அதில் ஜரிகை செவன்ஸ்.

பூட்டும்போது பழைய கடவுச்சொல் அழியும்படி எழுதியிருந்தேன், பாதுகாப்புக்கு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க. இனி திறக்க ஒரே வழிதான்: ஆட்டக்காரரே உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு, அணி பெயரும் நம்பரும் சொல்ல வேண்டும், நாங்கள் கையால் போட வேண்டும். வியாழன் புது சீசன். அதற்குள் காலி அணிகளைக் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

ச. திட்டவில்லை. முதல் பக்கத்தில் அறிவிப்பு போட்டார்: "தவறு எங்களுடையது. நாளை மாலை ஆறு மணிக்குள் இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்."

"அவன் கூப்பிட மாட்டான்" என்றேன். "பெட்டியில நம்பர் போடறதே பெரிசு. நம்ம கொரலையா கேப்பான்?"

"தெரியுது கஸ்து." அவ்வளவுதான் சொன்னார். நாலு நாளில் முதல் தடவையாக என் தலையில் கை வைத்தார்.

ஆவணி 16, புதன். அமாவாசை, நிஜமானது

லீவு போட்டுவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்தேன். உதவி எண் ச.வின் பழைய பட்டன் போன். அதை என் முன்னால் வைத்தார். "நீ பேசு. நான் பேசினா சண்டை வந்துடும்." சரி. அடித்த வெயிலில் நேற்றைய சேறு காய்ந்து தெருவெல்லாம் தூசி.

ஒன்பது மணிக்கே ஆரம்பம்.

"இன்னாமா, அமாவாசைன்னு சொல்லிட்டு முந்தின நாளே மூடிட்டீங்க?"
"எந்த ஊர்க்காரங்கம்மா நீங்க, அமாவாசை தெரியாதா?"
"உங்க வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா, கேட்டுப் போடறதில்லையா?"

மன்னிப்பு, மன்னிப்பு, மன்னிப்பு. பட்டியலில் டிக். ஒரு மணிக்குள் இருபத்திரண்டு. ஒருத்தர் திட்டி முடித்துவிட்டு, "போவட்டும் உடும்மா, ஆப் நல்லாத்தான் கீது" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அந்த ஒரு வார்த்தைக்கு.

மூன்று மணி: முப்பத்தொன்று. ச. எலுமிச்சை ஜூஸ் வாங்கி வந்து வைத்தார். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் அவர் கையில் ஸ்க்ரூ டிரைவர் நிற்கும். நான் "வணக்கம், நடுக்கோடு" என்று சொல்லி, மறுமுனையில் வேறு குரல் கேட்டதும், ஸ்க்ரூ டிரைவர் மறுபடி சுற்றும்.

ஐந்து மணி: முப்பத்தேழு. நாலு பாக்கி.

ஐந்தே கால்: இரண்டு பாக்கி. அதில் ஒன்று முதல் மாதத்தோடு வராமல் போன அணி, கணக்கில் இல்லை. ஆக ஒன்று.

அதற்குப் பிறகு மணி அடிக்கவில்லை. ஐந்தரை. டவர் இருக்கிறதா என்று பார்த்தேன். ச. தன் போனிலிருந்து இந்த எண்ணுக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்தார். வேலை செய்தது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. "ஆறு ஆனா நான் அந்த டீமத் தொட மாட்டேன், நீங்களே வேற யாருக்காவது குடுத்துக்கோங்க" என்றேன். "சும்மா இரு" என்றார்.

ஐந்து நாற்பத்தைந்து. மணி.

"வணக்கம், நடுக்கோடு."

மூச்சு. பின்னால் எங்கேயோ குழந்தைகள் சத்தம்.

"டீம் பேர் சொல்லுங்க." இதைத்தான் காலையிலிருந்து நாற்பது பேரிடம் சொல்லியிருக்கிறேன், அதனால் வாய் தானாகச் சொல்லிற்று.

"ஜரிகை செவன்ஸ்."

குரல் கொஞ்சம் கட்டியிருந்தது. அவ்வளவுதான் மாற்றம். தப்பு நான் செய்தது என்று சொல்ல வேண்டும், எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும், எதுவும் வரவில்லை. "நம்பர் சொல்லுங்க" என்றேன். சொன்னான். அடித்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். "ஒரு ஓ.டி.பி. வரும், அத்த படிங்க." படித்தான். ஒவ்வோர் எண்ணாக, நிறுத்தி, சின்ன வயசில் எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த மாதிரி.

"ஆச்சுங்களா?" என்றான்.

"ஆச்சு."

வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ச. எழுந்து நின்றுவிட்டார்.

"கஸ்தூரி."

"ம்."

"அவன் பக்கத்துல கீறானா?"

"கீறாரு."

"அவன்கிட்ட குடு."

போனை நீட்டினேன். ச. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வாசலில் போய் நின்றார். இதை எழுதும்போது ஆறு தாண்டி எவ்வளவோ ஆகிவிட்டது. நான் வெளியே போகவில்லை, கவுன்ட்டரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். இவர் ஒன்றும் பேசக் காணோம். "ம்" என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "ம்". அங்கே திட்டுகிறானா, அழுகிறானா, தெரியவில்லை. முதுகுதான் தெரிகிறது. ம். ம்.

இப்போதுதான் "டேய்" என்றார்.